நியூட்ரல்ல இறக்குனா மைலேஜ் கூடுமா மாமா?

வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு சுத்திக்கிட்டு இருக்கு. "இறக்கத்துல நியூட்ரல் போடுங்க, பெட்ரோலை மிச்சம் பிடிங்க." கீழ நாலு கைகூப்புற பொம்மை. அதுக்கும் கீழ, "அனைவருக்கும் பகிரவும்."

பகிர்ந்துட்டாங்க. பகிராம இருப்பாங்களா?

மணலூர்பேட்டையில டூரிஸ்ட் கார் ஓட்டுற ஒரு மாமா (பேரு வேணாம், கோவிச்சுக்குவாரு) அதைக் குடும்பக் குரூப்புல தூக்கிப் போட்டு, "இதைத்தான்டா நான் அம்பாசடர் காலத்துலேர்ந்து சொல்றேன்"னு ஒரு வாய்ஸ் மெசேஜும் சேர்த்து விட்டாரு. கொஞ்ச நேரத்துல அவரோட அக்கா மகன்கிட்டேர்ந்து பதில். பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில வேலை. "மாமா, அது அந்தக் காலத்து வண்டிக்கு சரி. இப்ப நீங்க ஓட்டுற வண்டிக்கு நேர் தலைகீழ்."

அவ்வளவுதான். குரூப்புல போட்டிருந்த காதுகுத்து பத்திரிகை எங்கயோ மேல போயிடுச்சு. தேதி கேட்ட சித்திக்கு யாரும் பதில் சொல்லல.

இந்தச் சண்டையில ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா மலையில மாப்ள சொல்றதுதான் சரி. அதையும் தாண்டி, ரெண்டு பேருமே கண்டுக்காத ஒரு பெட்ரோல் திருடன் அந்தக் காரோட தலை மேலயே உக்காந்திருந்தான். அவன்கிட்ட அப்புறம் வருவோம்.

மாமாவோட தொழில் எப்படின்னு முதல்ல சொல்லணும். தென்பெண்ணை ஆத்தங்கரை ஊரு மணலூர்பேட்டை. தை அஞ்சாம் தேதி திருவண்ணாமலையிலேர்ந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இந்த ஆத்துக்குத்தான் வருவாரு. அன்னிக்கு ஊருக்குள்ள வண்டி நகராது. மத்த நாள்ல சவாரி மூணு தினுசு. பௌர்ணமிக்கு கிரிவலம். வெளிநாடு போற பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மெட்ராஸ் ஏர்போர்ட். அப்புறம் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமா கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. ஸ்பீடு பிரேக்கரும் கரும்பு டிராக்டரும் நிறைஞ்ச ஊர் ரோடு, நாலு வழிச்சாலை, மலைப்பாதை... மூணையும் ஒரே வண்டி பார்க்குது. மைலேஜ் பஞ்சாயத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சரி, முதல்ல மாமா பக்கம்.

கார்புரேட்டர் வண்டியில ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலும், கியர் விழுந்திருக்கிற வரைக்கும் சக்கரம் இன்ஜினைச் சுத்திக்கிட்டே இருக்கும். சுத்துற இன்ஜின் உறிஞ்சும். உறிஞ்சினா ஐடிலிங் ஜெட் வழியா பெட்ரோல் வரும். வேகமா சுத்துனா இன்னும் நிறைய வரும். அதைத் தடுக்க அந்தச் சாதாரண கார்புரேட்டருக்குத் தெரியாது. நியூட்ரல் போட்டா இன்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கிடும், குடிக்கிறது குறையும். 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800 அந்த ரகம். பெட்ரோல் அம்பாசடரும் அந்த ரகம். ஆக, அந்தக் காலத்து டிரைவருங்க முட்டாளுங்க இல்ல. அவங்க வண்டிக்கு அவங்க கணக்கு சரி.

(டீசல் அம்பாசடர் கதை வேற. பழைய டீசல் பம்புல இருந்த கவர்னரே, கியர்ல இறங்கும்போது காலை எடுத்தா டீசலை நிறுத்திடும். மாமா ஓட்டுனது பெட்ரோலா டீசலான்னு கேட்டா பேச்சை மாத்திடறாரு.)

அப்புறம் காலம் மாறிச்சு. 1998ல இருங்காட்டுக்கோட்டை ஃபேக்டரியிலேர்ந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தப்ப, விளம்பரத்துல எம்பிஎஃப்ஐன்னு ஒரு வார்த்தையும் கூடவே வந்துச்சு. 2000 வாக்குல மாருதி 800க்கும் அது வந்துடுச்சு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். எப்ப திறக்கணும், எவ்வளவு நேரம் திறக்கணும்னு முடிவு பண்ண ஒரு கம்ப்யூட்டர், அதாவது ஈசியூ.

இந்த ஈசியூ ஒரு கஞ்சப் பிரபு.

நீங்க கியர்ல போய்க்கிட்டு இருக்கீங்க. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை முழுசா எடுக்கறீங்க. இன்ஜின் ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல இருக்கு. இதைப் பார்த்ததும் ஈசியூ இன்ஜெக்டரை மூடிடும். குறைக்கிறது இல்ல, சுத்தமா மூடிடும். பெட்ரோல் செலவு பூஜ்யம். இன்ஜின் நிக்காதான்னு கேப்பீங்க. நிக்காது. ஓடுற சக்கரம்தான் அதைச் சுத்துது. ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் எல்லாத்தையும் அந்த நேரத்துல ஓட்டறது சக்கரம்தான். இறக்கத்துல ஏசி ஓசி.

ஆர்பிஎம் ரொம்ப இறங்கினா, இன்ஜின் நின்னுடக் கூடாதேன்னு மறுபடி பெட்ரோல் விடும். எந்த ஆர்பிஎம்ல விடும்ங்கிறது வண்டிக்கு வண்டி மாறும். பொதுவா ஆயிரத்துக்கும் ஆயிரத்தி ஐநூறுக்கும் நடுவுல எங்கயாவது.

இப்ப அதே இறக்கத்துல நியூட்ரல் போடுங்க. சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்து போச்சு. இன்ஜின் தானே உயிரோட இருக்கணும். அதுக்குப் பெட்ரோல் வேணும். சின்ன பெட்ரோல் கார் ஐடிலிங்ல மணிக்கு அரை லிட்டருக்கு மேல, முக்கால் லிட்டர் வரைக்கும் சாதாரணமா குடிக்கும். ஏசி போட்டா இன்னும் கூடும்.

மலைப்பாதையில பத்து கிலோமீட்டர் இறக்கம்னு வச்சுக்குங்க. வளைவு, நெளிவு, எதிர்ல பஸ்... சராசரி 30 கிலோமீட்டர் வேகம். இருபது நிமிஷம். நியூட்ரல்ல வந்தா கிட்டத்தட்ட கால் லிட்டர் போச்சு. லிட்டர் 100 ரூபாய்னு போட்டா 20, 25 ரூபாய். ரெண்டாவது கியர்ல வந்திருந்தா கிட்டத்தட்ட ஒண்ணும் இல்ல. மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லி டீ, வடை காசை மலையிலயே விட்டுட்டு வர்ற கதை.

2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்புறம் புது பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிடுச்சு. பைக்குல வர்ற தம்பிகளும் இதைக் கேட்டுக்கணும். இறக்கத்துல சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டு உருள்றது இன்னும் மோசம். அதைப் பத்தித் தனியா திட்டணும்.

இதையெல்லாம் மாப்ள குரூப்புல டைப் பண்ணி அனுப்பினான். மாமா ரெண்டே வார்த்தையில முடிச்சாரு: "படிச்சவன் பேச்சு."

அடுத்து வெள்ளிமலை சவாரி வந்தப்ப மாப்ளயும் ஏறிக்கிட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழ ஓபிடி சாக்கெட்னு ஒண்ணு இருக்கும், சர்வீஸ் சென்டர்ல கம்ப்யூட்டரை மாட்டுவாங்களே, அது. அதுல தீப்பெட்டி சைஸ்ல ஒரு டாங்கிளைச் செருகி, போனை டேஷ்போர்டுல நிக்க வச்சான். திரையில ஒரே ஒரு நம்பர். மணிக்கு எத்தனை லிட்டர்.

(இதுக்கு நடுவுல ஒரு எச்சரிக்கை. எல்லா ஆப்பும் இதைச் சரியா காட்டாது. சில ஆப்பு இன்ஜினுக்குள்ள போற காத்தை அளந்து பெட்ரோலைக் கணக்குப் போடும். அதுல இந்தப் பூஜ்யம் வராது, ஏமாந்துடாதீங்க. இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்தைப் படிக்கிற ஆப்பு வேணும்.)

மேலேர்ந்து கிளம்பினதும் மாமா வழக்கம்போல நியூட்ரல். நம்பர் 0.8ல நின்னுச்சு. "பாத்தியா, எவ்வளவு கம்மி!" மாப்ள ஒண்ணும் சொல்லல. "மாமா, இப்ப செகண்ட் போடுங்க." போட்டாரு. இன்ஜின் லேசா உறுமிச்சு. அந்த உறுமலைக் கேட்டாலே பெட்ரோல் கரையுதுன்னு நினைக்கிறவரு மாமா. திரையில 0.0. ஒரு வளைவுல வண்டி நல்லா மெதுவானப்ப 0.9ன்னு எட்டிப் பார்த்துச்சு. வளைவு தாண்டி வேகம் பிடிச்சதும் திரும்ப 0.0.

மாமா ரெண்டு வளைவு வரைக்கும் பேசல. அப்புறம் சொன்னாரு: "உன் ஆப்பு ரிப்பேர்டா."

அவரைக் குறை சொல்லவும் முடியாது. காரோட டிஸ்ப்ளேயே அவரை இத்தனை நாளா ஏமாத்தியிருக்கு. நிறைய வண்டியில அந்த நேரத்து மைலேஜைப் பட்டை மாதிரி காட்டும். அந்தப் பட்டைக்கு 30, இல்லைன்னா 50ன்னு ஒரு உச்சம் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல நியூட்ரல்ல உருண்டா, மணிக்கு 0.7 லிட்டர் கணக்குல லிட்டருக்கு 85 கிலோமீட்டர் வரும். பட்டை முழுசா நிறையும். கியர்ல உருண்டா செலவே இல்ல. அப்பவும் பட்டை முழுசாத்தான் நிறையும். பார்க்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணு.

பெட்ரோலை விடுங்க. மலையில நியூட்ரல் வேணாம்னு சொல்றதுக்கு நிஜமான காரணம் பிரேக்.

1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை 600 மீட்டர் உயரத்துக்கு ஏத்துனா, அந்த உயரத்துக்கு மட்டும் கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் பெட்ரோல் செலவாகும் (இன்ஜின் பெட்ரோலோட சக்தியில கால் பங்கு சொச்சம்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும்ங்கிற கணக்கு). அப்படி மேல ஏத்தி வச்ச சக்தி இறங்கும்போது எங்கயாவது போயாகணும். டயரும் காத்தும் கொஞ்சம் தின்னும். கியர்ல வந்தா ஒரு பெரிய பங்கை இன்ஜின் வாங்கிக்கும். நியூட்ரல்ல வந்தா மிச்சம் மொத்தமும் பிரேக் டிஸ்க் தலையில. பதினைஞ்சு லிட்டர் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. பிரேக் ஆயில் நாளாக நாளாகக் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட்-4 ரக ஆயிலுக்குக் கொதிநிலைத் தரம் புதுசுல 230 டிகிரி, ஈரம் ஏறினப்புறம் 155 டிகிரிதான். ஆயில் கொதிச்சு உள்ள ஆவிக் குமிழ் வந்துடுச்சுன்னா, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். வண்டி நிக்காது.

இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு இறங்குற ஆளுங்களுக்கு இன்னொரு பரிசும் இருக்கு. பிரேக்கை லேசாக்குற வேக்யூம், ஒண்ணு ரெண்டு மிதிக்கு மட்டும் மிச்சம் இருக்கும். பவர் ஸ்டியரிங் கல்லாயிடும். சாவியை உருவிட்டா ஸ்டியரிங் லாக்கே விழுந்துடலாம். நீலகிரியில கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. அங்க ஊட்டியிலேர்ந்து இறங்க வெளியூர் வண்டிகளுக்குத் தடை போட்டது சும்மா இல்ல. சமவெளிப் பழக்கத்துல பிரேக்கை மட்டும் நம்பி இறங்குனவங்களோட விபத்துங்க அப்படி.

சரி, மாப்ளயோட பாட்டு முடிஞ்சுதா? இல்ல. இப்பதான் மாமா ஒரு நல்ல கேள்வி கேட்டாரு.

"அப்ப ஏன்டா வெளிநாட்டுக் கார்ல எல்லாம் தானா நியூட்ரல் ஆகுற மாதிரி பண்றான்?"

கேட்டாரு பாருங்க!

அது நிஜம்தான். 2011ல வந்த போர்ஷே 911ல, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தானே கிளட்சை விட்டுட்டு வண்டியை மிதக்க விடும். 2017 வாக்குல ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபோட ஒரு 1.5 லிட்டர் மாடல் ஒரு படி மேல போச்சு. ஹைவேயில காலை எடுத்தா இன்ஜினையே முழுசா நிறுத்திடும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு எல்லாத்தையும் தனி பேட்டரி பார்த்துக்கும். நம்ம நாட்டுல 2022ல வந்த மெர்சிடிஸ் சி-கிளாஸ்லயும் 48 வோல்ட் மோட்டார் வச்சு இந்த மிதக்கிற வித்தை உண்டு. கியா ஐரோப்பாவுல ஒரு மேனுவல் கியர்பாக்ஸுக்கே இதைக் கொடுத்துச்சு. கிளட்ச் பெடல் காலுக்குக் கீழ இருக்கும், ஆனா கேபிள் கிடையாது, கம்ப்யூட்டரே கிளட்சை விடும்.

யோசனை புதுசும் இல்ல. சுவீடனோட சாப் கார்கள்ல ஐம்பதுகளிலேயே ஃப்ரீவீல் இருந்துச்சு, சைக்கிள்ல பெடல் பண்றதை நிறுத்துனா சக்கரம் பாட்டுக்கு ஓடுமே, அதே சங்கதி. அவங்க அதை வச்சது மைலேஜுக்காக மட்டும் இல்ல. அது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோல்ல கலந்த ஆயில்தான் இன்ஜினுக்கு மசகு. காலை எடுத்துட்டு நீள இறக்கத்துல கியர்ல வந்தா பெட்ரோலும் குறையும், ஆயிலும் குறையும், இன்ஜின் காய்ஞ்சு பிடிச்சுக்கும். பங்க்ல ஆயில் கலந்து போட்டு பழைய ஸ்கூட்டர் ஓட்டின அப்பாக்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

அப்ப கியர்ல உருள்றது லாபமா, மிதக்கிறது லாபமா?

ரோட்டைப் பொறுத்தது. கியர்ல இருந்தா பெட்ரோல் பூஜ்யம், ஆனா இன்ஜின் வண்டியைப் பிடிச்சு இழுக்கும், வேகம் சட்டுனு குறையும். முன்னாடி டோல்கேட் இருக்கு, எப்படியும் நிக்கணும்னா அதுதான் லாபம். லேசான சரிவு, நிக்க வேண்டியதே இல்லைன்னா, கியர்ல வேகம் குறைஞ்சு திரும்ப மிதிக்க வேண்டி வரும். அங்க மிதந்தா வண்டி ரொம்ப தூரம் போகும், கொஞ்சூண்டு ஐடிலிங் பெட்ரோல்ல. புது கார் கம்ப்யூட்டர் இந்த ரெண்டுல எதுன்னு நொடிக்கு நொடி பார்த்து முடிவு பண்ணுது. இறக்கம் செங்குத்தா இருந்தாலோ பிரேக்கைத் தொட்டாலோ கியருக்குத் திரும்பிடுது. மாமாவோட கைக்கு அந்த வேகம் கிடையாது. திடீர்னு ஆடு குறுக்க வந்தா, நியூட்ரல்லேர்ந்து சரியான கியரைத் தேடறதுக்குள்ள ஆட்டுக்காரர் வந்து நிப்பாரு.

நம்ம ஊர்ல லட்சக்கணக்குல விக்கிற சாதா கார்கள்ல இந்த மிதக்கிற வித்தை பெருசா இல்ல. அதுக்குப் பதிலா வேற உருவத்துல சிலது வந்திருக்கு. ஸ்கோடா குஷாக், ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் டைகுன், விர்ட்டஸ் இதுங்களோட 1.5 லிட்டர் இன்ஜின், ஹைவேயில லேசா மிதிச்சுக்கிட்டுப் போகும்போது நாலுல ரெண்டு சிலிண்டரை நிறுத்தி வச்சுடும். மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் முழு ஹைப்ரிட்ல லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்னு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கு. காலை எடுத்தா இன்ஜின் நிக்கும், மோட்டார் டைனமோவா மாறி பேட்டரியை நிரப்பும்.

ஆனா அதை வெள்ளிமலையிலேர்ந்து இறக்கிப் பாருங்க. அந்த பேட்டரி மொத்தமே 0.76 கிலோவாட் மணிதான். பாதி மலையிலயே நிரம்பிடலாம். அப்புறம் இறங்குற சக்திக்குப் போக இடம் கிடையாது. அதனாலதான் கியர் லிவர்ல ‘பி’ன்னு ஒரு இடம் கொடுத்திருக்கான், இன்ஜினைச் சும்மா சுத்தவிட்டு வேகத்தைப் பிடிக்கிறதுக்கு. கோடி கோடியா கொட்டி ஹைப்ரிட் பண்ணவனும் கடைசியில மலைக்கு இன்ஜின் பிரேக்கிங்தான் வச்சிருக்கான்!

எலெக்ட்ரிக் கார்ல இந்தப் பஞ்சாயத்தே ஸ்டியரிங் பின்னாடி ஒரு பட்டனா வந்துடுச்சு. டாடா நெக்ஸான் இவியில ரீஜென் அளவு 0லேர்ந்து 3 வரைக்கும். 0 வச்சா மிதக்கும், 3 வச்சா காலை எடுத்ததும் பிடிச்சு இழுத்து சார்ஜ் ஏத்தும். நேர் ரோட்டுல 0, மலை இறக்கத்துல 3. மாமாவும் மாப்ளயும் ஆளுக்கு ஒரு பட்டனை அமுக்கிக்கலாம்.

இனி நாலு வழிச்சாலை. ஏன்னா மாமாவோட காசு நிஜமா கரையறது மலையில இல்ல, உளுந்தூர்பேட்டை டு சென்னை ரோட்டுல.

மொத விஷயம், கம்பெனி சொல்ற மைலேஜ் நம்பர் எங்கேர்ந்து வருது? ரோட்டுலேர்ந்து வரல. உருளை மேல சக்கரத்தைச் சுத்தவிட்டு லேப்ல எடுக்கிறது. கிட்டத்தட்ட இருபது நிமிஷம், பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஏசி போட மாட்டாங்க. உச்ச வேகம் 90. அதையும் கொஞ்ச நேரம்தான் தொடுவாங்க. சராசரி மணிக்கு முப்பது சொச்சம். நீங்க அஞ்சு பேரு, டிக்கி நிறைய லக்கேஜ், ஏசி ரெண்டுல, 110ல பறந்துட்டு, "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்"னா என்ன பண்றது?

காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 80லேர்ந்து 110க்குப் போனா காத்துத் தடை கிட்டத்தட்ட 1.9 மடங்கு. உளுந்தூர்பேட்டையிலேர்ந்து சென்னைக்கு சுமார் 200 கிலோமீட்டர். 80ல போனா ரெண்டரை மணி நேரம். 110ல போனா காகிதத்துல நாற்பது நிமிஷம் மிச்சம். ஆனா விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் டோல், அப்புறம் செங்கல்பட்டுலேர்ந்து தாம்பரம் வரைக்கும் ஊர்ந்து போறது... அந்த நாற்பதுல பாதியை அங்கயே கொடுத்துடுவீங்க. முன்னாடி பறந்து போனவன் தாம்பரத்துல உங்க பக்கத்துலதான் நிப்பான்.

பெட்ரோலிய சிக்கன அமைப்பான பிசிஆர்ஏ பல வருஷமா சொல்ற கணக்கு இன்னும் கடுமை. 80ல போறதை விட 45-55ல போனா 40 சதவீதம் வரைக்கும் மைலேஜ் கூடக் கிடைக்கும்னு. சரிதான். ஆனா நாலு வழிச்சாலையில 50ல போனா பின்னாடி வர்ற ஆம்னி பஸ் ஹாரன்லயே நம்மளைத் தூக்கிடும். 80, 85ன்னு ஒரே சீரா போறது நடைமுறைக்கு ஒத்து வரும்.

ரெண்டாவது, பிரேக். 1,200 கிலோ கார் 80லேர்ந்து நின்னு திரும்ப 80க்கு வர, அந்த வேகத்தை மறுபடி கொடுக்க மட்டும் சுமார் 30 மில்லி பெட்ரோல். மூணு ரூபாய். லாரி பின்னாடி போய் ஒட்டி, பிரேக் அடிச்சு, திரும்ப விரட்டி, திரும்ப அடிச்சு... ஒவ்வொண்ணும் காசு. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திட்டுப் போற டிராக்டரைத் தூரத்துலயே பார்த்துடலாம். பார்த்ததும் காலை எடுத்தா போதும். கியர்லயே வண்டி வேகம் குறையும், பெட்ரோலும் நிக்கும், எதிர்ல வண்டி போனதும் பிரேக்கைத் தொடாமலே தாண்டிடலாம். இலவசமா கிடைக்கிற கோஸ்டிங் இதுதான். எந்தக் கார்லயும் இருக்கு, எக்ஸ்ட்ரா காசு கிடையாது.

கவர்மென்ட் பஸ் டிரைவருங்க இதுல கில்லாடிங்க. டிப்போவுல கே.எம்.பி.எல். கணக்கு பார்ப்பாங்க, லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு. பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவோ முன்னாடியே காலை எடுத்து, அந்த உருட்டல்லயே கொண்டு வந்து நிறுத்துவாங்க. நாம என்ன நினைப்போம்? "யோவ், மாட்டு வண்டி மாதிரி ஓட்டுறானே"ன்னு.

கரும்புன்னதும் ஞாபகம் வருது. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்கு சக்தி, பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி. 2021ல நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே, பழைய ரக பெட்ரோலுக்குன்னு செஞ்ச கார்ல 6-7 சதவீதம், இதுக்குன்னே டியூன் பண்ண கார்ல 1-2 சதவீதம் மைலேஜ் குறையும்னு சொல்லுச்சு. பழைய கார் வச்சிருக்கிறவங்க மெக்கானிக்கைத் திட்டுறதுக்கு முன்னாடி இதையும் கணக்குல சேர்த்துக்குங்க.

மூணாவது, அந்தத் திருடன்.

கேரியர்! மாமா கார் தலை மேல வருஷம் முழுக்க நிக்குது. சபரிமலை சீசனுக்கு மாட்டுனது, கழட்டவே இல்ல. அதுல ஒரு பிளாஸ்டிக் தார்ப்பாய் வேற சுருட்டிக் கட்டியிருக்கு, காத்துல படபடன்னு அடிச்சுக்கிட்டு. அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்குப்படி, கூரை மேல லக்கேஜ் பெட்டி வச்சா மணிக்கு 105-120 கிலோமீட்டர் வேகத்துல மைலேஜ் 10லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் அடிபடும். காலி கேரியர் அவ்வளவு தின்னாது. ஆனா ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தின்னும், மலை இறக்கத்துல மட்டும் இல்ல. டயர் காத்தும் அப்படித்தான். நாலு டயர்லயும் அஞ்சு பிஎஸ்ஐ குறைஞ்சா சுமார் ஒரு சதவீதம் போச்சு. கேட்டா சின்னது, ஆனா காத்து பிடிக்கிறது இலவசம்.

மாப்ள கேரியரைக் கை காட்டினதும் மாமா, "சீசன் முடியட்டும்"னாரு.

"எந்த சீசன் மாமா?"

பதில் இல்ல. ஆனா அடுத்த மெட்ராஸ் சவாரிக்கு முன்னாடி ஸ்பேனரை எடுத்து அவரே கழட்டி, மாட்டுக்கொட்டாய் சுவத்துல சாத்தி வச்சிருக்காருன்னு அத்தை குரூப்புல போட்டோ போட்டாங்க. (சித்தி இன்னும் காதுகுத்து தேதி கேட்டுக்கிட்டு இருக்காங்க. யாராவது சொல்லுங்கப்பா.)

உங்க வண்டியில இதெல்லாம் எவ்வளவு வித்தியாசம் பண்ணுதுன்னு பார்க்க டாங்கிள் எல்லாம் வேணாம். ஒரே பங்க், ஒரே பம்ப்ல, ஆட்டோ கட் ஆகுற வரைக்கும் டேங்கை நிரப்புங்க. டிரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. ஒரு டேங்க் 80ல சீரா ஓட்டுங்க, அடுத்த டேங்க் உங்க வழக்கப்படி ஓட்டுங்க. ரெண்டு தடவையும் அதே பம்ப்ல நிரப்பி, ஓடுன கிலோமீட்டரை லிட்டரால வகுங்க. அந்த நம்பரை நம்புங்க, ஃபார்வர்டை நம்பாதீங்க.

வெள்ளிமலைக்கு வர்றவங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா ‘எல்’லோ மேனுவல் மோடோ போட்டுக்குங்க. ஏசியை அணைக்க வேண்டியதில்ல. மலையை விட்டு முழுசா இறங்குற வரைக்கும் நியூட்ரல் பக்கம் கையைக் கொண்டு போகாதீங்க.